பச்சோந்திக்கு உடம்பு சரியில்லையா? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பச்சோந்தி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். காட்டில் தளர்ந்து தெரியும் பிராணியைத்தான் பாம்பும் பறவையும் முதலில் குறிவைக்கும். அதனால் உள்ளே எவ்வளவு மோசமாக இருந்தாலும் கிளையை இறுகப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவது அதன் பிறவிக் குணம். வீட்டுக் கூண்டுக்கு வந்த பிறகும் இந்தக் குணம் மாறுவதில்லை. "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது, இன்று காலையில் பார்த்தால் கூண்டின் தரையில் கிடக்கிறது" என்று வளர்ப்பவர்கள் பதறுவதை அடிக்கடி கேட்கிறேன். அந்த நோய் அன்று காலையில் வந்திருக்காது. பல வாரங்களாக இருந்திருக்கும், சின்னச் சின்ன அடையாளங்களும் காட்டியிருக்கும். அவற்றை எப்படிப் படிப்பது, படித்தவுடன் என்ன செய்வது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கனடா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டதற்காகப் பச்சோந்தி வாங்குகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அங்கே கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஏமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட, தலையில் உயர்ந்த கொண்டையுள்ள வெய்ல்டு பச்சோந்தி. மற்றது, மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தி. இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் காடுகளிலும் தோப்புகளிலும் வாழும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அடிபட்டோ தளர்ந்தோ கிடப்பதைக் கண்டால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

நலமாக இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு பச்சோந்திக்கும் ஒரு இயல்பு உண்டு. ஒன்று ஆளைக் கண்டாலே சீறும், இன்னொன்று கையிலிருந்தே பூச்சியை வாங்கும். உங்களுடையதன் இயல்பு தெரியாவிட்டால் அது மாறுவதும் உங்களுக்குத் தெரியாது. வாங்கி வந்த முதல் வாரத்திலேயே ஒரு குறிப்பேடு போடுங்கள். எப்போது சாப்பிட்டது, எத்தனை பூச்சி, எப்போது கழித்தது, எப்போது தோல் உரித்தது, எடை எவ்வளவு என்று தேதியோடு ஒரு வரி எழுதினால் போதும்.

காலையில் விளக்கு எரிந்ததும் ஐந்து நிமிடம் கூண்டின் முன் நில்லுங்கள். நலமான பச்சோந்தி சற்று நேரத்தில் கண் திறந்துவிடும். உடம்பைச் சூடேற்றிக்கொள்ளக் கருமையான நிறத்துக்கு மாறி, விளக்கின் பக்கம் உடலைத் தட்டையாக்கிக் காட்டும். சூடு ஏறியதும் நிறம் தெளியும், நடக்கத் தொடங்கும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழன்று அறையை நோட்டமிடும். கிளையில் நான்கு கால்களும் உறுதியாகப் பற்றியிருக்கும், வயிறு கிளையைத் தொடாமல் உயர்ந்திருக்கும். இவற்றில் ஏதாவது மாறினால் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை வைத்து மட்டும் நோயைச் சொல்ல முடியாது. புதியவர்கள் அதிகம் பயப்படுவதும் நிறத்துக்குத்தான். காலையில் கருமை இயல்பு, இரவுத் தூக்கத்தில் வெளிறிப்போவது இயல்பு, தோல் உரியும் முன் சாம்பல் பூத்து மங்குவதும் இயல்பு. சினையான வெய்ல்டு பெண் கரும்பச்சையில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் காட்டும், அதுவும் நோயல்ல. நாள் முழுவதும் கருமையாகவோ மந்தமாகவோ இருந்து, அதோடு வேறொரு அடையாளமும் சேர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

என்னைக் கேட்டால், பச்சோந்தி வளர்ப்பவர் வாங்க வேண்டிய முதல் மருத்துவக் கருவி கிராம் காட்டும் சமையலறைத் தராசு. அதன் மேல் ஒரு சிறு கிளையை நிறுத்தி, எடையைப் பூஜ்யமாக்கி, பச்சோந்தியை அதில் ஏறவிடுங்கள். வாரம் ஒருமுறை, அதே கிழமையில், தீனி கொடுப்பதற்கு முன் பாருங்கள். வளர்ந்த பிராணியிடம் ஓரிரு கிராம் ஏறி இறங்குவதில் ஒன்றுமில்லை. ஒருமுறை கழித்தாலே அவ்வளவு குறையும். ஆனால் 140 கிராம் இருந்த ஆண் 133 ஆகி, பிறகு 126 ஆனால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது இன்னும் கொழுகொழுவென்றுதான் தெரியும், ஆனால் தராசு உண்மையைச் சொல்லிவிட்டது. முட்டையிடாத பிராணியிடம் இப்படிப்பட்ட இறக்கம் கண்டால் மருத்துவரிடம் போக வேறு காரணம் தேவையில்லை. குட்டிகள் வாரந்தோறும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், எடை நின்றுபோனாலே கேள்வி கேளுங்கள்.

கண்தான் முதல் சாட்சி

பகலில் கண்ணை மூடியிருக்கும் பச்சோந்தி நோயுற்ற பச்சோந்தி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஓணான் வெயிலில் கண்மூடிக் கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் 'சுகமாகத் தூங்குகிறது' என்று நினைத்துவிடுகிறார்கள். பச்சோந்தி பகலில் தூங்குவதில்லை. கையில் எடுத்தால் சில பச்சோந்திகள் அச்சத்தில் கண்ணை மூடும், அது வேறு. யாரும் தொடாதபோது, விளக்கு எரியும்போது, கிளையில் உட்கார்ந்தபடி மணிக்கணக்கில் மூடியிருந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

கண்கூம்பு, அதாவது கண்ணை மூடியிருக்கும் கூம்பு வடிவ இமை, உள்ளே குழிந்திருந்தால் பெரும்பாலும் நீர் வற்றியிருக்கிறது அல்லது உடல் மெலிந்திருக்கிறது. கொண்டையின் இரு பக்கங்களும் ஒட்டிப்போயிருக்கின்றனவா என்றும் பாருங்கள். நேர்மாறாகக் கண்கூம்பு வீங்கியிருந்தால் தூசி, தொற்று, கண்ணுக்குப் பின்னால் சீழ்க்கட்டி, வைட்டமின் ஏ குறைவு என்று பல காரணங்கள் இருக்கலாம். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன்: நீர் தெளிக்கும்போது பச்சோந்தி கண்கூம்பை உப்பவைத்துச் சுழற்றிச் சுழற்றிக் கழுவிக்கொள்ளும். முதன்முறை பார்ப்பவர்களுக்குக் கண் வெளியே விழுந்துவிடுமோ என்று தோன்றும். சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது வெறும் சுத்தம் செய்தல். வீக்கம் மறுநாளும் இருந்தால், அல்லது ஒரு கண்ணைத் திரும்பத் திரும்பக் கிளையில் தேய்த்தால், அது நோய். வைட்டமின் ஏ அதிகமானாலும் நஞ்சுதான், ஆகவே சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம்.

நீர் வற்றுவது

கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பொதுவாகக் குடிக்காது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். குளிர்நாடுகளில் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வீட்டுச் சூடேற்றி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வறண்ட காற்றில் நம் உதடே வெடிக்கும்போது, கம்பிவலைக் கூண்டில் தெளித்த நீர் நிமிடங்களில் ஆவியாகிவிடும். கோடையில் போதுமாக இருந்த தெளிப்பு குளிர்காலத்தில் போதாது.

கழிவைப் பாருங்கள். பச்சோந்தியின் கழிவில் இரண்டு பகுதி உண்டு: பழுப்பு நிற மலமும், அதோடு ஒட்டிய யூரேட் என்ற கெட்டியான சிறுநீர்க் கழிவும். யூரேட் வெள்ளையாக, சற்று மென்மையாக இருந்தால் நீர் போதும். நுனியில் கொஞ்சம் மஞ்சள் தட்டினால் பயமில்லை. முழுவதும் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ, சுண்ணாம்புக் கட்டிபோல உலர்ந்தோ இருந்தால் உடல் நீருக்குத் தவிக்கிறது. இது நீடித்தால் சிறுநீரகம் கெடும். யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து விரல்கள் முண்டும் முடிச்சுமாக வீங்கும். வெய்ல்டு பச்சோந்திகளைக் கொல்லும் நோய்களில் சிறுநீரகக் கோளாறுக்கு முன்வரிசை இடம்.

இதைத் திருத்துவது உங்கள் கையில் இருக்கிறது. காலையில் விளக்கு எரியும் முன்பும் இரவு விளக்கு அணைந்த பிறகும் சில நிமிடம் நன்றாகத் தெளியுங்கள். பகலில் சொட்டு நீர்ப் பாத்திரம் ஒன்றை இலைகளின் மேல் சொட்டவிடுங்கள். லேசாக நீர் வற்றிய, மற்றபடி சுறுசுறுப்பான பிராணிக்குக் குளியலறை வைத்தியம் உதவும். ஒரு தொட்டிச்செடியில் அதை ஏற்றி, வெதுவெதுப்பான ஷவர் நீரை நேரே அதன் மேல் விழவிடாமல் எதிர்ச்சுவரில் படவிட்டு, சிதறும் தூவானம் மட்டும் படும்படி அரைமணி நேரம் வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள். கண்மூடிக் கிடக்கும் பிராணிக்கு இதைச் செய்யாதீர்கள். வாயைத் திறந்து சிரிஞ்சால் நீர் ஊற்றவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

எலும்பு வலுவிழக்கும் நோய்

வீட்டுப் பச்சோந்திகளிடம் மிக அதிகமாகக் காணப்படுவது இந்த நோய். அதைவிட வருத்தம், இது முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது. தோலில் புறஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். இந்தச் சங்கிலி அறுந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். வளரும் குட்டியிடம் இது வேகமாக நடக்கும்.

தொடக்கத்தில் தெரிவது பிடிப்பின் தளர்ச்சி. கிளையைப் பற்றும் பாதம் இடுக்கிபோல இறுகுவதை விட்டு வழுக்கும். நடக்கும்போது கையோ காலோ நடுங்கும். இரையைக் குறிபார்க்கும், வாயைத் திறக்கும், நாக்கு பாதியில் நின்றுவிடும். அடுத்து முன்கை எலும்பு வில்லாக வளையும், முழங்கை போலவே இரண்டாவது மடிப்பு ஒன்று தெரியும். தாடை ரப்பராகி வாய் சரியாக மூடாது. கொண்டை ஒருபக்கம் சாயும். கடைசியில் உயரம் ஏற முடியாமல் கூண்டின் அடியிலேயே ஊரும். வளைந்த எலும்பு நேராகாது. நடுக்கத்தின் கட்டத்திலேயே மருத்துவரிடம் போனால் எக்ஸ்-ரே எடுத்து, கால்சியம் கொடுத்து, மேலும் கெடாமல் நிறுத்த முடியும்.

இதற்கான காரணத்தைக் கூண்டில் தேடுங்கள்.

1. புறஊதா பி தரும் விளக்கு இருக்கிறதா? சூடு தரும் விளக்கு வேறு, இது வேறு. சுருள் வடிவக் குமிழ்கள் போதாது. கூண்டின் நீளத்துக்கு நிகரான டி5 (T5) என்ற மெல்லிய குழல் விளக்கு வேண்டும், பெட்டியில் 5.0 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருக்கும்.

2. எவ்வளவு பழையது? வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், ஆனால் புறஊதா தேய்ந்திருக்கும். அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். வாங்கிய தேதியை விளக்கிலேயே எழுதி ஒட்டுங்கள்.

3. நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கிறதா? இரண்டும் புறஊதா பி கதிரைத் தடுத்துவிடும். சன்னல் வெயில் போதும் என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. கண்ணாடி வழியே வருவது சூடு மட்டும்தான்.

4. பூச்சிகளில் கால்சியப் பொடி தூவுகிறீர்களா? சிள்வண்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. டி3 கலக்காத கால்சியத்தை ஒவ்வொரு வேளையும் லேசாகத் தூவுங்கள். டி3 உள்ள கால்சியமும் பல்வைட்டமினும் மாதம் இரண்டு முறை போதும். அள்ளிக் கொட்டினால் கழுத்தின் கீழ் நீர்ப்பை தொங்கத் தொடங்கும். அப்படி வீங்கினால் பல்வைட்டமினை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீரகக் கோளாறும் அதே வீக்கத்தைத் தரும்.

மூச்சு

வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தால் முதலில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். விளக்கின் நேர்கீழே என்றால் சூடு அதிகம். வெயில் காயும் கிளையில் வெப்பமானியை வையுங்கள், வளர்ந்த வெய்ல்டுக்கும் பாந்தருக்கும் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் போதும். கூண்டின் குளிர்ந்த பகுதியிலும் வாய் திறந்தே இருந்தால் அது மூச்சுத் தொற்று.

இன்னொரு அடையாளம் தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்திருப்பது. சளி அடைத்த மூச்சுக்குழாயை நேராக்கிக்கொள்ள அது செய்யும் முயற்சி அது. அறையில் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டுக் கூண்டருகே காது கொடுங்கள். 'டிக்... டிக்' என்றோ மெல்லிய சீழ்க்கையாகவோ மூச்சோடு ஓர் ஒலி வரும். மூக்கிலோ வாயோரத்திலோ நுரையும் கோழைநூலும் தெரியும். மூக்கில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உலர்ந்த பொடி, அதிகப்படியான உப்பைப் பச்சோந்தி இப்படித்தான் வெளியேற்றும்.

குளிர்ந்த இரவில் நனைந்த கூண்டு, காற்றோட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டி, நீண்டகால நீர்வற்றல் இவையெல்லாம் தொற்றுக்கு வழிவிடும். தேனும் இஞ்சியும் இதற்கு ஆகாது. வேண்டியது சரியான ஆன்டிபயாடிக், எது சரி என்பதை மருத்துவர் கோழையைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். மருத்துவரைப் பார்க்கும்வரை பகல் வெப்பத்தைச் சரியான அளவில் வைத்து, இரவில் கூண்டு 20 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாளுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாத நோய் இது.

பெண் வளர்ப்பவர்களுக்கு

வெய்ல்டு பெண் ஆணைப் பார்க்காமலேயே முட்டையிடும். கடையில் இதைச் சொல்லாமலே விற்றுவிடுகிறார்கள். ஐந்தாறு மாத வயதிலேயே தொடங்கிவிடலாம், ஒரே ஈட்டில் முப்பது நாற்பது முட்டைகள், சில நேரம் அதற்கும் மேல். முட்டையிட இடம் இல்லாவிட்டால் அடக்கிக்கொள்ளும், அடக்கினால் செத்துப்போகும்.

ஆகவே அது பருவத்துக்கு வரும் முன்பே கூண்டுக்குள் ஒரு மண்தொட்டியை வைத்துவிடுங்கள். உடல் திரும்பும் அளவு அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள, உள்ளே வெளிச்சம் புகாத வாளி அல்லது பெட்டி. அதில் சுத்தமான மணல், தோண்டிய சுரங்கம் இடியாமல் நிற்கும் அளவுக்கு ஈரம். பெண் தீனியைக் குறைத்து, அமைதியின்றி அலைந்து, தரைக்கு வந்து சுரண்டத் தொடங்கினால் நேரம் நெருங்கிவிட்டது. கூண்டைத் துணியால் மறைத்துவிட்டு விலகிப் போங்கள். தோண்டும்போது யாராவது பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிடும், அதிலிருந்தே முட்டை அடைப்பு தொடங்கக்கூடும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தோண்டித் தோண்டி முட்டையிடாமல் விட்டது, வயிறு உப்பியிருக்கிறது, இப்போது தரையில் கண்மூடி அசையாமல் கிடக்கிறது என்றால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. இரவானாலும் அவசர சிகிச்சை தரும் இடத்தைத் தேடுங்கள். மருந்தால் முடியாவிட்டால் அறுவை சிகிச்சை செய்து முட்டையை எடுப்பார்கள். வளர்ந்த பெண்ணுக்குத் தீனியையும் வெப்பத்தையும் சற்றுக் குறைத்துக் கொடுத்தால் முட்டைகளின் எண்ணிக்கை குறையும். இரக்கத்தில் அள்ளிக் கொடுப்பது அதற்குச் சுமைதான்.

வாய், தோல், வெளியே வந்த உறுப்புகள்

உதட்டோரத்திலோ தாடையிலோ புடைப்பு, வாய்க்குள் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போன்ற படிவு இருந்தால் வாய்த் தொற்று. ஊர்வனவற்றின் சீழ் திரவமாக ஓடாது, கெட்டியாகவே நிற்கும். பிதுக்கி எடுக்க முயலாதீர்கள்.

முதுகிலோ கொண்டையிலோ வெளிறிய திட்டு தோன்றி, சில நாளில் கருகிக் கெட்டியானால் விளக்குச் சூடு பட்ட புண். மேலே இருக்கும் சூட்டை உணர்ந்து விலகப் பச்சோந்திக்குத் தெரிவதில்லை, விளக்கை நோக்கி மேலும் ஏறும். விளக்கைக் கூண்டின் மேல் தட்டிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

தோல் உரியும்போது இழுத்துவிடாதீர்கள். ஈரப்பதத்தைக் கூட்டினால் தானே உதிரும். விரலிலோ வால்நுனியிலோ வளையமாக இறுகித் தங்கிவிட்டால் மட்டும் மருத்துவர் பார்க்கட்டும், இரத்த ஓட்டம் நின்று அந்தப் பகுதி கருகிவிடும்.

நாக்கு வெளியே தொங்கி உள்ளே போகவில்லை, அல்லது கழிவுத்துளை வழியே சிவந்த சதை வெளியே வந்திருக்கிறது என்றால் அதை உலரவிடாமல் காப்பதுதான் உங்கள் வேலை. உப்புநீர்க் கரைசலில் நனைத்த மென்துணியால் ஈரமாக வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். ஆண் கழிக்கும்போது குறி ஒரு கணம் தெரிந்து மறைவது இயல்பு, திரும்பாமல் நிற்பதுதான் நோய்.

சந்தேகம் வந்த அன்று என்ன செய்வது

பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் எடை. பிறகு வெப்பம்: வெயில் காயும் கிளையிலும் கூண்டின் நடுவிலும் இரவிலும் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். 'தொட்டால் சூடாகத்தான் இருக்கிறது' என்பது அளவல்ல. விளக்கின் தேதி, பொடி தூவிய நாள்கள், கடைசியாகக் கழித்த தேதி ஆகியவற்றைக் குறிப்பேட்டிலிருந்து எடுங்கள். கூண்டு முழுவதையும், விளக்கு தெரியும்படி, கைப்பேசியில் படம் பிடியுங்கள். மூச்சொலியோ நடுக்கமோ இருந்தால் காணொலியும் எடுங்கள், மருத்துவமனையில் அது அதைச் செய்து காட்டாமலே போகலாம்.

அடுத்து, தொந்தரவைக் குறையுங்கள். கையில் எடுத்துக் கொஞ்சுவதை நிறுத்துங்கள். கூண்டின் மூன்று பக்கமும் மறைப்புப் போடுங்கள். வேறு பச்சோந்தியோ கண்ணாடியோ அதன் பார்வையில் படுகிறதா என்று பாருங்கள், தன் உருவத்தைக் கண்டே நாள் முழுவதும் கொதித்துக்கொண்டிருக்கும் பிராணி இது. வீழ்ச்சி ஆபத்து இருந்தால் உயரக் கிளைகளைக் கீழே இறக்குங்கள்.

இப்போது முடிவெடுங்கள். பகலில் கண்மூடல், தரையில் கிடத்தல், குளிர்ந்த இடத்திலும் வாய் திறந்து மூச்சு, முட்டை அடைப்பு, வெளியே வந்த உறுப்பு, எலும்பு முறிவு, வலிப்பு ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவர் வேண்டும். மின்மினிப் பூச்சியைத் தின்றுவிட்டதாகத் தெரிந்தாலும் அப்படியே. அமெரிக்க மின்மினிகள் பல்லி இனங்களுக்குக் கொடிய நஞ்சு, ஒன்றே போதும். கண்வீக்கம், நடுக்கம், எடைக் குறைவு, மூட்டு வீக்கம், வாய்ப் புடைப்பு ஆகியவற்றுக்கு அந்த வாரமே. வளர்ந்த பிராணி சுறுசுறுப்பாக இருந்து, எடையும் நின்று, இரண்டு மூன்று நாள் சாப்பிடவில்லை என்றால் மட்டும் பூச்சியின் வகையை மாற்றிக் கொடுத்துக் காத்திருந்து பார்க்கலாம். குட்டி ஒருநாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் அவ்வளவு பொறுக்க வேண்டாம்.

மருத்துவரை நாடுவது

நாய், பூனைக்குப் பார்க்கும் எல்லோருக்கும் பச்சோந்தி தெரியாது. பச்சோந்தியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே மருத்துவரைத் தேடி வையுங்கள், சனிக்கிழமை இரவில் தேடினால் கிடைக்க மாட்டார். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஊர்வன, நீர்நில வாழ்வன மருத்துவர்கள் சங்கம் தன் இணையதளத்தில் நாடுவாரியாக உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். தொலைபேசியில் கேளுங்கள்: பச்சோந்திகளைப் பார்த்த அனுபவம் உண்டா, எக்ஸ்-ரே வசதி இருக்கிறதா, முதல் பரிசோதனைக்கு எவ்வளவு ஆகும். பிராணியின் விலையைவிட மருத்துவச் செலவு பல மடங்கு வரும் என்பதைக் குடும்பத்தில் முன்பே பேசி, மாதம் கொஞ்சமாக ஒதுக்கி வையுங்கள். பணம் இல்லாததால் காத்திருந்து காத்திருந்து இழந்த பச்சோந்திகள் ஏராளம்.

புதிய கழிவை ஒரு சிறு டப்பாவில் போட்டு, உலராமல் மூடிக் கொண்டுபோங்கள். உடனே போக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் ஒருநாள் வைக்கலாம், உறைய வைக்கக் கூடாது. காக்சிடியா என்ற நுண்ணிய குடல் ஒட்டுண்ணியும் உருண்டைப்புழுவும் இருக்கின்றனவா என்று அதில்தான் தெரியும். காட்டில் பிடித்து ஏற்றுமதியான பச்சோந்தியாக இருந்தால், நலமாகத் தெரிந்தாலும் வாங்கிய உடனே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பயணத்துக்குச் சிறிய அட்டைப்பெட்டி போதும். காற்றுத் துளைகள், பற்றிக்கொள்ள ஒரு கிளை, அடியில் மடித்த துண்டு. இருட்டாக இருந்தால் அமைதியாக இருக்கும். பனிக்காலத்தில் காரை முதலில் சூடாக்கிவிட்டுப் பெட்டியை வெளியே எடுங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளிப்பக்கம் ஒட்டி வைக்கலாம், உள்ளே வேண்டாம்.

சிகிச்சைக்குப் பிறகு

மருந்தை எப்படிக் கொடுப்பது என்று மருத்துவமனையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். தாடையை விரலால் நெம்பித் திறந்தால் எலும்பு வலுவிழந்த பிராணிக்குத் தாடை முறியும். பசியெடுக்காத பிராணிக்குத் திணித்து ஊட்டுவதும் அப்படித்தான்: நீர் வற்றிய உடலில் உணவு செரிக்காமல் அழுகும், மூச்சுக்குழாயிலும் இறங்கிவிடலாம். முதலில் நீர், பிறகே உணவு, அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில். மனிதர்களுக்கான வலிநிவாரணியோ, போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக்கோ, நாய்க்கான புழுமாத்திரையோ எதுவும் வேண்டாம்.

இரண்டே நாளில் தெளிவாகத் தெரிந்தாலும் மருந்தை முழுக் காலத்துக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் நோய் மறைந்து மீண்டும் வரும், அப்போது அதே மருந்து கேட்காது. புழுவுக்குச் சிகிச்சை செய்திருந்தால் கூண்டைக் காலிசெய்து, மரக்கிளைகளையும் மண்ணையும் தூக்கி எறிந்து, மீதியைச் சோப்புநீரிலும் கொதிநீரிலும் கழுவுங்கள். மருத்துவர் சொன்ன நாளில் கழிவை மறுபடி சோதிக்கக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்வன நலமாக இருக்கும்போதும் சால்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கூண்டுப் பக்கம் விடாதீர்கள், கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் வேண்டாம்.

குணமாகும் பச்சோந்தியைத் தினமும் எடை போட்டுத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. வாரம் இரண்டு முறை, மருத்துவர் கேட்டால் அதற்கு மேல். எண் இறங்காமல் நின்றால் நல்லது, ஏறத் தொடங்கினால் வழக்கமான தீனிக்கு மெல்லத் திரும்புங்கள். பழைய எடைக்கு வந்து இரண்டு வாரம் நிலைத்த பிறகு வாரம் ஒருமுறை என்ற பழைய கணக்குக்கே போய்விடலாம்.